முதல்நூலும் வழிநூலும்: ஒரு திறந்த காரின் வரலாறு

தமிழிலக்கியம் கற்பித்துப் பிழைப்பு நடத்தும் நமக்கும், மேற்கூரையற்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன உறவு என்று இப்பக்கங்களைத் தொடர்ந்து வாசித்துவரும் நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாம் இதுவரை ஏறிப் பயணம் செய்த திறந்த வண்டிகள் மாட்டுவண்டியும், கரும்பு ஏற்றிய டிராக்டரும் மட்டுமே. ஆயினும் இக்கட்டுரை எழுத நேர்ந்ததற்கு ஒரு மின்மடல் காரணம்.

நம்மிடம் இளங்கலை பயின்று, பின்னர் கணினித் துறைக்குச் சென்று, இப்போது இங்கிலாந்தில் பணிபுரியும் மாணவர் ஒருவர் அதை அனுப்பியிருந்தார். "ஐயா, ஐந்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. சிறு வயது முதலே கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின்மீது ஆசை. ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு பழைய கார்கள் வந்திருக்கின்றன. ஒன்று 1972ஆம் ஆண்டின் எம்.ஜி.பி., மற்றொன்று 1996ஆம் ஆண்டின் மாஸ்டா எம்.எக்ஸ்.5. நம்பத்தகுந்ததாகவும் இருக்க வேண்டும், நம் கைக்கு அடங்கும் விலையிலும் இருக்க வேண்டும், பார்த்தால் மனம் மயங்கவும் வேண்டும். எம்.ஜி.யை அசல் என்கிறார்கள், மாஸ்டாவை நகல் என்கிறார்கள். அசலை விட்டுவிட்டு நகலை வாங்குவது அழகா? தாங்கள்தாம் மூலபாடம், பாடபேதம் என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்தவர்" என்று முடித்திருந்தார்.

கடைசி வரியில் ஒளிந்திருந்த குறும்பு நமக்குப் புரியாமல் இல்லை. எனினும் கேள்வி நம்மை விடவில்லை. கோடை விடுமுறை முழுவதும் கிடைத்த நூல்களையும் பழைய மோட்டார் இதழ்களையும் புரட்டினோம். அவர் கேட்டது ஒரு பரிந்துரை. நமக்குக் கிடைத்ததோ ஒரு வரலாறு. அதை அவருக்கு மட்டும் எழுதி அனுப்பிவிட மனமில்லாமையால் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கூரை வந்த கதை

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கார் தோன்றிய காலத்தில் எல்லாக் கார்களும் திறந்த கார்களே. குதிரைவண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு என்ஜினைப் பூட்டியவர்கள், கூரையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. மூடிய உடற்கூடு செல்வந்தர்களின் ஆடம்பரமாகவே இருந்தது. எஃகுத் தகட்டை அழுத்தி வார்க்கும் தொழில்நுட்பம் மலிவான பிறகு நிலைமை தலைகீழானது. 1920களின் இறுதிக்குள் அமெரிக்காவில் விற்பனையான கார்களுள் மிகப் பெரும்பாலானவை மூடிய கார்களாகிவிட்டன.

இந்த மாற்றத்தின் விளைவு கவனிக்கத்தக்கது. அதுவரை வேறு வழியின்றித் திறந்த காரில் சென்றவர்கள் மூடிய காருக்கு மாறினார்கள். அதன் பிறகும் திறந்த காரை வாங்கியவர், மழையையும் தூசியையும் அறிந்தே, விரும்பியே வாங்கினார். தேவையாக இருந்தது சுவையாக மாறிய தருணம் அது. இரண்டே இருக்கைகள், முன்புறம் என்ஜின், பின்சக்கரங்களுக்கு விசை, தலைக்கு மேல் மடக்கக்கூடிய துணி, தரையை ஒட்டிய உயரம் என்ற இலக்கணத்துடன் 'ரோட்ஸ்டர்' எனும் வகை நிலைபெற்றது. அந்த இலக்கணத்தைச் சாமானியரின் விலைக்கு இறக்கிக்கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷார்.

ஆபிங்டன் தந்த முதல்நூல்

எம்.ஜி. என்பது 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திவந்த கார் விற்பனை நிலையத்தின் பெயர் அது. அதன் மேலாளராக இருந்த செசில் கிம்பர், மோரிஸின் சாதாரணக் கார்களை எடுத்து, அவற்றின்மீது அழகிய உடற்கூடுகளைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். குடும்பக் காரின் உறுப்புகளைக் கொண்டே ஸ்போர்ட்ஸ் கார் செய்வது என்பதுதான் அவர் கண்ட வழி. மலிவு என்பதன் இரகசியம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. 1929இல் எம்.ஜி.யின் தொழிற்சாலை ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. கிம்பர் 1941இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நேர்ந்த இரயில் விபத்தில் உயிரிழந்தார். தாம் விதைத்தது கடல் கடந்து தழைத்ததை அவர் காணவில்லை.

அதே 1945இன் இறுதியில் எம்.ஜி. டி.சி. வெளிவந்தது. 1250 கன செ.மீ. என்ஜின், 54 குதிரைத்திறன், கம்பி ஆரங்களையுடைய மெல்லிய சக்கரங்கள், மரச்சட்டத்தின்மீது தகடு போர்த்திய உடல். பொறியியல் நோக்கில் அது போருக்கு முந்தைய காலத்துப் பொருள்தான். இடப்பக்கத்தில் ஸ்டியரிங் வைத்துக்கூட அது செய்யப்படவில்லை. ஆயினும் போரினால் நொடித்துப்போன பிரிட்டன், அந்நியச் செலாவணிக்காக ஏற்றுமதி செய்தே தீர வேண்டிய நிலையில் இருந்தது. ஏற்றுமதி செய்பவர்களுக்கே எஃகு ஒதுக்கப்பட்டது. இவ்வாறு கடல் கடந்து சென்ற டி.சி.க்கள், மிதந்து செல்லும் கட்டில்களைப் போன்ற கார்களையே அறிந்திருந்த அமெரிக்கர்களுக்குப் புதிய சுவையைக் காட்டின. 1949 வரை ஏறத்தாழ 10,000 டி.சி.க்கள் செய்யப்பட்டன, அவற்றுள் சுமார் 2,000 மட்டுமே அமெரிக்கா சென்றன. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அடுத்து வந்த டி.டி. ஏறத்தாழ 30,000 செய்யப்பட்டு, அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே சென்றது என்னும்போது, அந்தச் சிறு விதையின் வீரியம் விளங்கும்.

பிறகு வெள்ளம்தான். 1953இல் டிரையம்ப் டி.ஆர்.2, 1955இல் எம்.ஜி.ஏ., 1958இல் தவளைக்கண் போன்ற விளக்குகளையுடைய ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட், 1962இல் இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதே 1962இல்தான் நம் மாணவர் கண்ணில் பட்ட எம்.ஜி.பி.யும் பிறந்தது. தனிச் சட்டகம் இல்லாமல், உடற்கூடே சட்டகமாக அமைந்த கட்டுமானம். 1798 கன செ.மீ. என்ஜின். பதினெட்டு ஆண்டுகளில் கூரையுள்ள ஜி.டி. வகையையும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

இன்னொரு காரையும் இங்கே குறிப்பிட வேண்டும். காலின் சாப்மனின் லோட்டஸ் எலான், அதுவும் 1962இல் வந்ததே. முதுகெலும்பு போன்ற ஒரே எஃகுச் சட்டகம், அதன்மீது கண்ணாடியிழை உடல், 700 கிலோவுக்கும் குறைவான எடை. எடையைக் குறைப்பதே வேகத்துக்கு வழி என்பது சாப்மனின் கொள்கை. எலானை ஓட்டியவர்கள் அதைப் பற்றி இன்றும் பரவசத்துடன் பேசுகிறார்கள். அதைப் பழுதுபார்த்தவர்கள் சற்று வேறுவிதமாகப் பேசுகிறார்கள்.

அழகு தோற்ற இடம்

வரலாற்றை எழுதும்போது பற்றினால் கண் மறைந்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களின் குறைகள் உண்மையானவை. அவை துருப்பிடித்தன. எண்ணெய் கசிந்தன. ஈரமான காலைகளில் கிளம்ப மறுத்தன. மின்சாதனங்களை வழங்கிய லூகாஸ் நிறுவனத்துக்கு 'இருளின் இளவரசர்' என்ற பட்டப்பெயரை உரிமையாளர்கள் சூட்டியிருந்தார்கள் என்பதிலிருந்து, இரவுப் பயணங்கள் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இளமையில் மன்னிக்கப்படும் குறைகள் முதுமையில் மன்னிக்கப்படுவதில்லை. 1968இல் பல நிறுவனங்களை ஒன்றிணைத்து உருவான பிரிட்டிஷ் லேலண்ட், எம்.ஜி.பி.யைப் புதுப்பிக்கப் போதிய முதலீடு செய்யவில்லை. இடையில் அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து மோதல், புகை பற்றிய விதிகளும் வந்தன. 1974இல் எம்.ஜி.பி.யின் பளபளக்கும் குரோமியத் தாங்கிகள் அகற்றப்பட்டு, கறுப்பு ரப்பர் மூக்கு ஒட்டப்பட்டது. விளக்குகள் விதித்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக வண்டியின் உயரமும் கூட்டப்பட்டது. தரையை ஒட்டி ஓடுவதற்கென்றே பிறந்த காரை விரல்நுனியில் நிற்கவைத்தது போலாயிற்று.

அமெரிக்காவிலோ, உருளும் விபத்துகளைக் குறித்த விதிகள் திறந்த கார்களையே ஒழித்துவிடும் என்ற அச்சம் பரவியது. 1976இல் கேடிலாக் நிறுவனம் தன் எல்டொராடோவை 'கடைசி அமெரிக்கத் திறந்த கார்' என்று விளம்பரப்படுத்தியது. இறுதியாகச் செய்த 200 கார்களும் ஒரே வெள்ளை நிறத்தில் வெளிவந்தன. அஞ்சிய தடை வரவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. ஆனால் அச்சமே ஒரு தலைமுறைக்கு முடிவு கட்டிவிட்டது.

1979 செப்டம்பரில் ஆபிங்டன் நகரம், எம்.ஜி. அங்கு வந்து ஐம்பதாண்டு நிறைவுற்றதைக் கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த கையோடு, செப்டம்பர் 10ஆம் நாள், தொழிற்சாலை மூடப்படவிருக்கிறது என்ற அறிவிப்பு வந்தது. பவுண்டின் மதிப்பு உயர்ந்ததால் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் நட்டம் என்றது நிர்வாகம். 1980 அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளிவந்தது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும் அதே ஆண்டில் நின்றுபோயிற்று. அழகும் மலிவும் இருந்தன, நம்பகம் இல்லை. மூன்று கால்களில் ஒன்று முறிந்தால் முக்காலி நிற்காது.

ஹிரோஷிமாவின் மனிதர்

வரலாற்றில் சில ஆண்டுகள் இரட்டைப் பொருள் கொண்டவை. ஆபிங்டனுக்குச் சாவோலை எழுதப்பட்ட அதே 1979இல், பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் இதழாளர் ஜப்பானில் கெனிச்சி யமமோட்டோ என்பவரைச் சந்தித்தார். யமமோட்டோ அப்போது மாஸ்டா நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுத் தலைவர். 'எங்கள் நிறுவனம் அடுத்து என்ன கார் செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?' என்று அவர் கேட்டார். முகத்தில் காற்றடிக்கும், எளிய, மலிவான, பின்சக்கர விசையுள்ள பழைய பாணி ரோட்ஸ்டர் ஒன்றைச் செய்யுங்கள் என்று ஹால், தமக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் விளக்கி, அங்கிருந்த கரும்பலகையில் ஒரு கோட்டுருவத்தையும் வரைந்து காட்டினார்.

யமமோட்டோ யார் என்பதை அறிந்தால்தான் இச்சந்திப்பின் பொருள் விளங்கும். மாஸ்டா, 1920இல் தக்கை செய்யும் நிறுவனமாக ஹிரோஷிமாவில் தொடங்கப்பட்டது. 1931 முதல் மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளைச் செய்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் அணுகுண்டு விழுந்தபோது, ஹிஜியாமா என்ற சிறு குன்று இடையில் நின்றதால் அதன் தொழிற்சாலை பேரழிவிலிருந்து தப்பியது. மாநில நிர்வாகமே சில காலம் அத்தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மூன்று சக்கர வண்டிகள் மீண்டும் வெளிவரத் தொடங்கின. சாம்பலாகிக் கிடந்த ஊரில் செங்கல்லும் மரமும் சுமந்து சென்றவை அவ்வகை வண்டிகளே. 1946இல் பொறியியல் பட்டதாரியான யமமோட்டோ அங்கே தொழிலாளியாகச் சேர்ந்தார்.

1960களில் சுழல் என்ஜினை உருவாக்கும் பொறுப்பு அவர் தலைமையில் 47 பொறியாளர்கள் கொண்ட குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. என்ஜினின் உட்சுவரில் விழுந்த கீறல்களைப் 'பேயின் நகக்குறிகள்' என்று அவர்கள் அழைத்தார்கள். அக்கீறல்களை வென்று 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை வெளியிட்டார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியில், அதிகம் குடிக்கும் அதே என்ஜினால் நிறுவனம் திவாலின் விளிம்புக்குச் சென்று, வங்கியின் கைத்தாங்கலால் மீண்டது. 1979இல் ஃபோர்டு நிறுவனம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வாங்கியிருந்தது. இத்தகைய நிலையிலுள்ள ஒரு நிறுவனத்திடம், உலகமே கைவிட்ட ஒரு வகைக் காரைச் செய்யுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். யமமோட்டோ சிரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. பின்னொரு நாள் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்றில் ஹக்கோனே மலைச்சாலைகளில் தாமே ஓட்டிச் சென்றார். ஹால் சொன்னது என்ன என்பதை அறிவால் மட்டுமன்றி உடலாலும் உணர்ந்தார் என்பர்.

வழிநூல் பிறந்த விதம்

1981இல் ஹால் மாஸ்டாவின் கலிபோர்னியா அலுவலகத்தில் சேர்ந்தார். 1983இல் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு போட்டி நடத்தப்பட்டது. டோக்கியோக் குழுவினர் முன்சக்கர விசை கொண்ட ஒன்றையும், நடுவில் என்ஜின் கொண்ட ஒன்றையும் முன்வைத்தார்கள். இரண்டும் அக்காலத்து நவீனங்கள். கலிபோர்னியக் குழுவினரோ முன்னே என்ஜின், பின்னே விசை என்ற பழைய இலக்கணத்தையே பிடித்துக்கொண்டார்கள். 1984இல் அவர்களே வென்றார்கள். ஓடக்கூடிய முதல் மாதிரியைச் செய்யும் வேலை இங்கிலாந்தில் வொர்திங் என்ற கடற்கரை நகரிலிருந்த ஒரு வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தரப்பட்டது. பிரிட்டன் செய்வதை நிறுத்திவிட்ட காரின் மறுபிறப்புக்குப் பிரிட்டிஷ் கைகளே தொட்டில் கட்டின என்பது வரலாற்றின் விளையாட்டு.

1986 முதல் திட்டத்துக்குத் தலைமையேற்ற தோஷிஹிக்கோ ஹிராய், தம் குழுவுக்கு ஒரே தாரகமந்திரத்தைத் தந்தார். 'ஜின்பா இத்தாய்' என்பது அது. குதிரையும் அதன்மீது அமர்ந்தவனும் ஓருடல் என்பது பொருள். கவிதையாகத் தோன்றும் இச்சொல்லை அவர்கள் பொறியியலாக மொழிபெயர்த்த விதம்தான் வியப்புக்குரியது. கியர்பெட்டியையும் பின்புற டிஃபரென்ஷியலையும் இணைக்க ஓர் அலுமினியச் சட்டகம் அமைத்தார்கள். கால் அழுத்தியதும் விசை தளர்வின்றிச் சக்கரத்தை எட்ட வேண்டும் என்பதற்காக. நான்கு சக்கரங்களுக்கும் இரட்டைக்கை சஸ்பென்ஷன் தந்தார்கள். மலிவான காரில் அரிதான செலவு அது. எடையை முன்பின்னாகச் சமப்படுத்தினார்கள். மறுபுறம், என்ஜினைப் புதிதாகச் செய்யவில்லை. மாஸ்டா 323 என்ற குடும்பக் காரின் வகையைச் சேர்ந்த 1.6 லிட்டர் என்ஜினையே எடுத்துச் செப்பனிட்டார்கள். கூரைக்கு மோட்டார் வைக்கவில்லை. இரண்டு கொக்கிகளை விடுவித்து, இருக்கையில் அமர்ந்தபடியே கையால் மடக்கும் துணிக்கூரை போதும் என்றார்கள். எங்கே செலவழிப்பது, எங்கே செலவழிக்காமல் விடுவது என்ற தெளிவுதான் மலிவும் நம்பகமும் ஒருசேர வாய்த்ததன் இரகசியம். கிம்பர் ஆக்ஸ்போர்டில் கண்ட அதே வழி.

சைலன்சரின் ஒலியைக்கூட அவர்கள் தற்செயலுக்கு விடவில்லை. செவிக்கு இனிய ஒலி கிடைக்கும்வரை குழாய்களை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். இதைப் படித்தபோது நமக்கு அகநானூற்றுத் தலைவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருபவன் அவன். அங்கே ஒலியை அடக்கினான், இங்கே ஒலியைக் கூட்டினார்கள். ஆனால் வண்டியின் ஓசையும் பயணத்தின் உணர்ச்சியும் வேறுவேறல்ல என்ற அறிவு இரண்டிடத்தும் ஒன்றே.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்.5 மியாட்டா அறிமுகமானது. 116 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, 13,800 டாலர் தொடக்க விலை. அறிவித்த விலைக்கு மேலே கொடுத்தும் வாங்க மக்கள் காத்திருந்தார்கள். ஜப்பானில் அது யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது.

இதே 1989இல் லோட்டஸ் நிறுவனமும் எலான் என்ற பெயரிலேயே புதிய ரோட்ஸ்டரை வெளியிட்டது. இசுசூ என்ஜின், முன்சக்கர விசை. திறமான கார்தான். ஆனால் விலை அதிகம். 5,000 கூட விற்கவில்லை. பெயர் லோட்டஸிடம் இருந்தது. மரபு ஹிரோஷிமாவுக்குப் போய்விட்டது.

பிறர் விழித்துக்கொண்டார்கள். 1995இல் எம்.ஜி.எஃப்., ஃபியட் பார்க்கெட்டா, பி.எம்.டபிள்யூ. இசட்.3, 1996இல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., போர்ஷே பாக்ஸ்டர் என்று வரிசையாக வந்தன. 1999இல் ஹோண்டா எஸ்2000 வந்து, பத்தாண்டுகளில் விடைபெற்றது. அமெரிக்காவின் பாண்டியாக் சால்ஸ்டிஸ் 2005இல் பிறந்து, அந்நிறுவனப் பெயரோடு சேர்ந்தே மறைந்தது. நான்கு தலைமுறைகளாக நீடித்தது மாஸ்டாவே. 2000ஆம் ஆண்டில், உலகில் மிகுதியாக விற்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் எனக் கின்னஸ் அதைப் பதிவுசெய்தது. 2016 ஏப்ரல் 22 அன்று பத்து இலட்சமாவது கார் ஹிரோஷிமாவில் செய்து முடிக்கப்பட்டது. யமமோட்டோ அதைக் கண்டார். மறு ஆண்டின் இறுதியில், 95ஆம் வயதில் காலமானார்.

அசலும் நகலும்

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். அசலை விட்டு நகலை வாங்கலாமா?

'நகல்' என்ற சொல்லையே நாம் ஏற்கவில்லை. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துகிறது நன்னூல். முதல்நூலின் முடிபோடு ஒத்துச் சென்று, வேண்டிய இடத்தில் தனக்கென வேறுபாடும் கொள்வது வழிநூல். கம்பன் செய்தது அதுதான். வான்மீகியைப் பார்த்து எழுதினான் என்பதற்காகக் கம்பனை யாரும் நகலெடுத்தவன் என்பதில்லை. எம்.எக்ஸ்.5 ஆபிங்டனின் முடிபை ஏற்றுக்கொண்டது; துருவையும் கசிவையும் ஏற்கவில்லை. அது வழிநூலின் உரிமை. இன்னும் சொன்னால், முதல்நூலை வாசிக்க ஆளில்லாமல் போன காலத்தில், அதன்பால் மீண்டும் வாசகரைத் திருப்பியது இந்த வழிநூலே.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. வழிநூல் எவ்வளவு சிறந்தாலும், முதல்நூலைக் கற்பதில் உள்ள இன்பம் வேறு. எம்.ஜி.பி. தன் குறைகளை மறைப்பதில்லை. அதன் என்ஜினை ஒரு சாதாரணப் பெட்டியிலுள்ள கருவிகளைக் கொண்டே பிரித்துச் சேர்க்கலாம். உதிரி உறுப்புகள் இங்கிலாந்தில் எளிதாகக் கிடைக்கின்றன. முழு உடற்கூட்டையே 1988 முதல் புதிதாக வார்த்துத் தருகிறார்கள். நாற்பதாண்டு கடந்த கார்களுக்கு அந்நாட்டில் வாகன வரியும் இல்லை, ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளைக் கையில் எண்ணெய்க் கறையோடு கழிப்பதில் மகிழ்ச்சி அடைபவருக்கு அதுவே தக்கது. பழுதுபார்ப்பதை இடையூறாகக் கருதாமல் உறவாகக் கருதும் மனம் வேண்டும், அவ்வளவே.

எனவே, அன்புள்ள மாணவருக்கு நாம் எழுதிய மறுமொழியின் சாரம் இது. தங்களுக்கு வேண்டியது காரா, காரைப் பற்றிய நினைவா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வேலைக்குச் செல்லும் நாளிலும், மழை பெய்யும் காலையிலும் சாவியைத் திருப்பியதும் கிளம்ப வேண்டும் என்றால், ஐந்தாண்டுச் சேமிப்பை மாஸ்டாவிடம் ஒப்படையுங்கள். எம்.ஜி.பி. வாங்குவதாயின் விலையோடு நில்லாமல், அதே அளவு பணத்தைப் பழுதுக்கென்று தனியே எடுத்துவைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால், அது கைக்கு அடங்கும் கார் அன்று.

மாஸ்டாவும் மாயப்பொருள் அன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதற்கும் துரு உண்டு. மடக்கிய கூரைக்குப் பின்னே விழும் மழைநீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். சருகும் அழுக்கும் அவற்றை அடைத்துவிட்டால், நீர் கதவுக்குக் கீழே ஓடும் எஃகு விளிம்புக்குள் தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னே, அந்த விளிம்பின் அடிப்பகுதியைக் குனிந்து விரலால் தட்டிப் பாருங்கள். புதிய வண்ணப்பூச்சு மட்டும் பளபளத்தால் ஐயுறுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். பின்புறப் பிளாஸ்டிக் கண்ணாடி பழுத்திருந்தால் அதற்குரிய தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். எம்.ஜி.பி.யையும் இதே விளிம்பில்தான் சோதிக்க வேண்டும். இரண்டு கார்களின் வலுவும் அங்கேதான் இருக்கிறது; இரண்டின் நோயும் அங்கேதான் தொடங்குகிறது. அழகைப் பார்க்க நிமிர்ந்து நில்லுங்கள்; வாழ்வைப் பார்க்கக் குனியத்தான் வேண்டும்.

நம்பகம், மலிவு, அழகு மூன்றும் ஒருசேர அமையுமா என்று அவர் கேட்டிருந்தார். அமையும் என்றே வரலாறு சொல்கிறது. ஆனால் அது தானாக அமையவில்லை. ஆபிங்டனில் பலர் வேலையிழந்த பிறகு, அவர்கள் எதில் தோற்றார்கள், எதில் தோற்கவில்லை என்பதைப் பிறிதொரு நாட்டார் பொறுமையாகக் கற்றுத் தெளிந்ததால் அமைந்தது. அழகில் அவர்கள் தோற்கவில்லை. ஆகவே அழகை ஹிரோஷிமாவில் மாற்றவில்லை. தோற்றது எதிலோ, அதை மட்டுமே மாற்றினார்கள். மரபைப் பேணுவது என்றால் என்ன என்று வகுப்பறையில் நாம் இருபதாண்டுகளாக விளக்க முயன்றுவருகிறோம். இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டு நமக்கு இதுவரை கிடைத்ததில்லை.

மாணவரின் முடிவு இன்னும் நமக்கு வந்து சேரவில்லை. இரண்டு கார்களையும் நேரில் பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எதை வாங்கினாலும், அடுத்த முறை நாம் அங்கு வர நேர்ந்தால் ஒருமுறை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். இரண்டு இருக்கைகள்தாமே, அவருடைய இல்லாள் அனுமதித்தால்!